ஆம்ப்ளிஃபையரில் ‘டக்’ சத்தம் கேட்கவில்லையா? மியூட்டிங் ரிலேயை அறிந்து பழுது பார்க்கும் முறை

பவர் சுவிட்சைப் போட்டு மூன்று நான்கு விநாடிகள் கழிந்ததும் ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். விளக்கு எரிகிறது, டிரான்ஸ்பார்மர் இரைகிறது, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை என்ற புகாருடன்தான் செங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்குப் பல செட்டுகள் வந்து சேர்கின்றன. கோட்டைவாசலுக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த ஜப்பானியச் செட்டுகள் இன்னும் சில வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன. வீட்டுச் செட்டோ மேடைச் செட்டோ, ஸ்பீக்கருக்குச் செல்லும் வழியை அடைப்பதும் திறப்பதும் தீக்குச்சிப் பெட்டி அளவே உள்ள ஒரு ரிலேதான் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்).

அது இழுக்கவில்லை, அதாவது ஸ்பீக்கருக்கு வழிவிடவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது, அதன் கான்டாக்ட் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் பற்றவைத்துப் பாட்டை வரவழைப்பது. ரப்பர் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து வந்த செட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அடித்தட்டைக் கழற்றியபோது, ரிலேயின் கீழே சிவப்பு ஒயர் ஒன்று கட்டைவிரல் நகம் அளவு ஈயத்துடன் ஒட்டியிருந்தது. அந்த ஒயர் போட்ட அன்று பாட்டு வந்ததாம்; மூன்றாம் நாள் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று முழுதாக ஷார்ட் ஆகி, 50 வோல்ட் டி.சி. நேராக ஊஃபருக்குப் போயிருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை (கோனை அசைக்கும் கம்பிச் சுருளை) மீட்டரில் பார்த்தால் சுமார் 6 ஓம்தான் காட்டும். 50 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் வருகிறது, அதாவது 400 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம், காற்றைக்கூட அசைக்காமல் நிலையாக நிற்கும் ஒரு காயிலுக்குள் இறங்குகிறது. வாய்ஸ் காயில் கரியாகிப் பேப்பர் கோனும் கருகியிருந்தது. இழுக்காத ரிலேகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வழியை அடைத்து வைத்திருப்பவை. எதைப் பார்த்தது என்று கண்டுபிடிக்கும் வரை அதை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

ரிலேக்குப் பின்னால் நடப்பது

மியூட்டிங் சர்க்யூட்டுக்கு மூன்று வேலைகள் உண்டு. சுவிட்ச் போட்டவுடன் ஆம்ப்ளிஃபையரின் உள்சுற்றுகள் நிலைப்படும் வரை அவுட்புட்டில் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் ‘தொம்’ என்று ஸ்பீக்கரில் விழாமல் சில விநாடிகள் தாமதிப்பது முதல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது அவுட்புட்டில் டி.சி. ஏறினால் உடனே துண்டிப்பது இரண்டாவது. சுவிட்சை அணைத்ததும், பெரிய கண்டன்சர்களில் மிச்சமுள்ள மின்சாரம் வடிந்து சுற்று தடுமாறும் முன்னரே ஸ்பீக்கரை விடுவிப்பது மூன்றாவது. சில செட்டுகளில் இவற்றோடு ஓவர்லோடு, ஹீட் சிங்க் சூடு ஆகியவற்றைக் கவனிக்கும் வேலையும் சேர்ந்திருக்கும்.

தாமதத்தைத் தருவது ஒரு ரெசிஸ்டரும் ஒரு எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரும்தான். எடுத்துக்காட்டாக, 24 வோல்ட்டிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் நிரம்புகிறது என்றும், அது 13 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு ஜீனர் டயோடு வழியாக டிரைவர் டிரான்சிஸ்டர் திறந்து ரிலேயை இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்த அளவுகளுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் விநாடி ஆகும். அதே கண்டன்சர் வருடக்கணக்கில் ஹீட் சிங்க்கின் சூட்டில் காய்ந்து 30 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கிவிட்டால் ஒரு விநாடியிலேயே ‘டக்’ வந்துவிடும், அதன் பின்னாலேயே ‘தொம்’மும் வரும். மாறாக, அது உள்ளே கசியத் தொடங்கினால் கதை வேறு. 13 வோல்ட்டில் அந்த 47 கிலோ ஓம் தரக்கூடிய மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியரைக்கூட எட்டாது. கசிவு அதற்குச் சமமாகிவிட்டால் கண்டன்சர் 13 வோல்ட்டைத் தொடவே தொடாது, ரிலேயும் இழுக்காது. இருபது ரூபாய்கூடப் பெறாத ஒரு கண்டன்சருக்காக ஆம்ப்ளிஃபையரையே தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டி.சி.யைக் கண்டுபிடிக்கும் பகுதி இன்னும் நுட்பமானது. இடது, வலது இரண்டு அவுட்புட்டிலிருந்தும் ஆளுக்கொரு ரெசிஸ்டர், பெரும்பாலும் 22 முதல் 100 கிலோ ஓமுக்குள், ஓரிடத்தில் வந்து சேரும். அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு பைபோலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாத) கண்டன்சர் இருக்கும், அல்லது முதுகோடு முதுகாக இணைத்த இரண்டு எலக்ட்ரோலைட்டிக்குகள் இருக்கும். பாட்டு ஏ.சி. என்பதால் கண்டன்சர் அதை விழுங்கிவிடுகிறது; டி.சி. மட்டும் அங்கே தேங்கி, அரை வோல்ட்டைத் தாண்டியதும் ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. அந்த டிரான்சிஸ்டர் தாமதக் கண்டன்சரைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடுவதால் ரிலே விழுகிறது. பிளஸ் டி.சி.க்கு ஒன்று, மைனஸ் டி.சி.க்கு ஒன்று என இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருப்பது வழக்கம்.

இந்தக் கண்டன்சர் காய்ந்துபோனால் ஏற்படும் கோளாறு ஆளைச் சுற்றவிடும். 56 கிலோ ஓமுடன் 47 மைக்ரோஃபாரட் இருந்தால், 30 ஹெர்ட்ஸில் 30 வோல்ட் அளவுக்கு அடிக்கும் பேஸ் ஒலிகூட அந்த இடத்தில் 60 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும். அது காய்ந்து 1 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் அதே பேஸ் ஒலி மூன்று வோல்ட்டுக்கு நெருக்கமாக வந்து நிற்கும். டிரான்சிஸ்டருக்கு அது டி.சி.யாகத்தான் தெரியும். பேச்சு ஒழுங்காக வருகிறது, நாதஸ்வரம் ஒழுங்காக வருகிறது, தவில் அடித்தால் மட்டும் ரிலே விழுகிறது என்று ஒருவர் சொன்னால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களைத் தொடும் முன் இந்தக் கண்டன்சரை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றும்போது பைபோலார்தான் போட வேண்டும். சாதாரண எலக்ட்ரோலைட்டிக் ஒன்றைப் போட்டுவிட்டால் ஒரு திசையில் வரும் டி.சி.க்கு அது தலைகீழாகி, கசிந்து, காட்டிக்கொடுக்க வேண்டிய டி.சி.யை மறைத்துவிடும்.

இரண்டு அவுட்புட்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதில் ஒரு குறையும் உண்டு. ஒரு பக்கம் பிளஸும் மறுபக்கம் அதே அளவு மைனஸும் வந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், சர்க்யூட்டுக்கு எதுவும் தெரியாது. வீட்டுச் செட்டில் இது அரிது. இரண்டு சானலையும் எதிரெதிராக ஓட்டும் பிரிட்ஜ் முறையில் மேடைச் செட்டுகளைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டரை எடுக்கும் முன்

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடவும். 50 வோல்ட்டில் நிற்கும் 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், செட்டை பிளக்கிலிருந்து பிடுங்கிய பிறகும் கையைச் சுடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கவிடுவது நம் பட்டறைகளில் பரவலாக உள்ள பழக்கம் என்றாலும், அது கண்டன்சருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து வைத்துக்கொண்டால், ஐந்து விநாடியில் முழுதும் வடித்துவிடலாம். வடித்த பிறகு மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழுதான செட்டுக்கு மெயின்ஸை நேரடியாகக் கொடுக்காமல் சீரீஸ் பல்பு (மெயின்ஸ் ஒயரில் செட்டோடு வரிசையாக இணைத்த பல்பு) வழியாகக் கொடுப்பதே முறை. இழை உள்ள பழைய 100 வாட் குண்டு பல்புதான் இதற்கு வேண்டும், எல்.இ.டி. உதவாது. இப்போது அவை எளிதில் கிடைப்பதில்லை என்பதால், கண்ட இடத்தில் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று பொருள். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ரிலேயை மறந்துவிட்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் பிரிட்ஜ் டயோடையும் பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சீரீஸ் பல்பு செட்டுக்குக் கிடைக்கும் வோல்டேஜைக் குறைத்துவிடுவதால், நல்ல செட்டிலும் ரிலே இழுக்காமல் போகலாம். ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகு, ஸ்பீக்கர் இல்லாமலேயே, முழு மெயின்ஸைக் கொடுத்துத்தான் ரிலேயைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும்.

முதல் அளவு எங்கே எடுப்பது

ரிலேயின் ஸ்பீக்கர் பக்கத்தில் மீட்டர் வைத்துவிட்டு ‘டி.சி. இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. ரிலே திறந்திருக்கும்போது அங்கே எப்படி வரும்? ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில், அதாவது 0.22 ஓம் அல்லது 0.33 ஓம் அளவில் வெள்ளைச் செங்கல் போல நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டர்கள் சந்திக்கும் இடத்தில், கிரவுண்டைப் பொறுத்து அளக்க வேண்டும். இரண்டு சானலிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பிரச்சினை ரிலே சர்க்யூட்டில் இருக்கிறது. ஒரு சானலில் ஒன்றிரண்டு வோல்ட்டோ, சப்ளை அளவுக்கே முழு வோல்டேஜோ நின்றால் ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. நோய் அந்தச் சானலில் இருக்கிறது.

முழு வோல்டேஜ் நிற்கிறது என்றால் உடனே டிரான்சிஸ்டர்களைக் கழற்ற வேண்டாம், முதலில் பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். ஒரு பக்கத்துப் பியூஸ் போயிருந்தால் அவுட்புட் மறுபக்கம் சாய்ந்து நிற்பதுண்டு. இரண்டு சப்ளையும் சரி என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட், எமிட்டர் ரெசிஸ்டரின் கால் விட்டுப்போனது என்ற வரிசையில் தேடலாம். சில நூறு மில்லிவோல்ட்டிலிருந்து ஒன்றிரண்டு வோல்ட் வரை இழுத்துக்கொண்டிருந்தால் இன்புட்டில் உள்ள ஜோடி டிரான்சிஸ்டர்களையோ ஃபீட்பேக் பாதையில் கிரவுண்டை நோக்கி நிற்கும் எலக்ட்ரோலைட்டிக்கையோ சந்தேகிக்க வேண்டும். பல்லி ஒன்று டிரைவர் போர்டில் ஒட்டிக் கருகிக் கிடந்த செட்டும் வந்ததுண்டு. அதைச் சுரண்டி எடுத்து, கருகிய ட்ராக்கை மாற்றியதும் ஆஃப்செட் (அவுட்புட்டில் நிற்கும் டி.சி.) 12 மில்லிவோல்ட்டுக்கு வந்துவிட்டது. போர்டை மீட்டரால் பார்ப்பதற்கு முன் கண்ணால் பார்ப்பது வீண்போகாது.

டி.சி. இல்லை, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் அடுத்து ரிலே காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அளக்க வேண்டும். 24 வோல்ட் ரிலேயில் ஏறத்தாழ அந்த அளவு காட்டியும் இழுக்கவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. செட்டை அணைத்து, ஓம் அளவில் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த அளவு ரிலேக்களில் காயில் பெரும்பாலும் பல நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை இருக்கும். காயிலின் குறுக்கே சுழியம் என்றால், அதன் சப்ளை முனையில் வோல்டேஜ் வருகிறதா என்று கிரவுண்டைப் பொறுத்துப் பார்க்கவும். பல செட்டுகளில் ரிலேக்கென்று தனிச் சப்ளை இருக்காது. 50 வோல்ட் லைனிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிக் கொடுத்திருப்பார்கள். 1,100 ஓம் காயிலுக்கு 22 மில்லி ஆம்பியர் போதும் என்றால், மிச்சமுள்ள 26 வோல்ட்டை விழுங்க 1.2 கிலோ ஓம் வேண்டும், அதில் அரை வாட்டுக்கு மேல் வெப்பம் ஓயாமல் வெளியேறும். அங்கே அரை வாட் ரெசிஸ்டரைப் போட்டுவைத்த போர்டுகளில் அந்த இடம் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருக்கும். ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருக்கும் (உள்ளே அறுந்திருக்கும்), அல்லது அதன் சோல்டர் வெடித்திருக்கும். 2 வாட் ரெசிஸ்டராகப் போட்டு, போர்டிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பற்றவைத்தால் மீண்டும் வராது.

கடையில் பாடும், வீட்டில் பாடாது

ஆரியங்காவு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஒரே செட்டை மூன்று முறை சுமந்துகொண்டு வந்தார். மூன்று முறையும் என் மேசையில் சுவிட்சைப் போட்டதும் ‘டக்’ என்று இழுத்துப் பாடியது. “அண்ணாச்சி, உங்க கடையில பாடுது, எங்க வீட்டுல சாயங்காலம் ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குது” என்றார். என் பேச்சில் அவருக்கு நம்பிக்கை குறைந்துவருவது முகத்தில் தெரிந்தது. மூன்றாம் முறை வந்தபோதுதான் வீட்டில் மாலை வேளையில் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்கத் தோன்றியது. வயர்மேனை அளக்கச் சொன்னதில் 175 என்று வந்தது.

செட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டர் 240-ல் இருந்தது. சவூதியில் அந்நாளில் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்ததால் வளைகுடாவில் விற்ற செட்டுகள் பலவற்றில் 110, 120, 220, 240 என்று நான்கு நிலைகள் இருக்கும். 240-ல் வைத்த செட்டுக்கு 175 கொடுத்தால், 24 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பதினேழரைதான் வரும். ரிலே இழுப்பதற்கு அதன் பெயரளவு வோல்டேஜில் முக்கால் பங்கு, சிலவற்றில் எண்பது சதவீதம் வரை தேவைப்படும், அதாவது 18 அல்லது 19 வோல்ட். ஆனால் ஒருமுறை இழுத்துவிட்ட ரிலே அதில் பாதிக்கும் குறைவான வோல்டேஜிலும் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் மதியம் போட்ட செட் இரவு வரை பாடியது, மாலையில் புதிதாகப் போட்டது பாடவில்லை. ஓடும்போது கரண்ட் போய் வந்தால் மறுபடி இழுக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: காயிலின் செம்புக் கம்பி சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் என்ற அளவில் ரெசிஸ்டன்ஸ் கூடும், எனவே சூடான ரிலேக்கு இழுக்க இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும்.

கடையில் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து 175-க்கு இறக்கியதும் செட் ஊமையானது. பெரியவர் வீட்டில் பகலில் அதிகபட்சம் 230 என்று உறுதி செய்துகொண்டு, மெயின் கண்டன்சர்களின் வோல்டேஜ் அளவு தாங்கும் என்றும் பார்த்த பிறகு செலக்டரை 220-க்கு மாற்றினேன். கூடவே ஒரு ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னேன். எந்தப் பாகமும் மாற்றவில்லை. மூன்று முறை பஸ்ஸில் சுமந்து வந்தவரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐசி உள்ள செட்டுகள்

1980-களுக்குப் பிந்தைய பல செட்டுகளில் இந்த வேலை முழுவதையும் ஒரே ஐசி செய்கிறது. என்.இ.சி.யின் யூபிசி 1237 அவற்றில் நம் கைக்கு அடிக்கடி வருவது. டோஷிபாவின் டிஏ 7317-ம் பார்க்கலாம். 1237-க்கு ஒரே வரிசையில் எட்டுக் கால்கள். முதல் கால் ஓவர்லோடு, இரண்டாம் கால் டி.சி., நான்காம் கால் மெயின்ஸ் ஏ.சி. இருக்கிறதா என்ற கவனிப்பு, ஐந்தாம் கால் கிரவுண்ட், ஆறாம் கால் ரிலேயைக் கிரவுண்டுக்கு இழுப்பது, ஏழாம் கால் தாமதக் கண்டன்சர், எட்டாம் கால் சப்ளை. மூன்றாம் கால் கிரவுண்டில் இருந்தால் கோளாறு நீங்கியதும் தானாக மீண்டும் இழுக்கும்; அங்கே கண்டன்சர் இருந்தால் ஒருமுறை விழுந்தது விழுந்ததுதான், சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீளும். இந்த வேறுபாடு தெரியாமல் ‘சும்மா சும்மா நின்றுவிடுகிறது’ என்ற புகாரைப் புரிந்துகொள்ள முடியாது.

எட்டாம் காலுக்கு உயர்ந்த லைனிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சப்ளை வரும். காலில் அளந்தால் மூன்று வோல்ட்டைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும், அதைக் குறைவு என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஆறாம் காலில் ரிலே சப்ளை அளவுக்கே வோல்டேஜ் நின்றால் ஐசி இழுக்கவில்லை என்று பொருள். அப்போது இரண்டாம் காலுக்கு வரும் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் இல்லாத நிலையில், சுவிட்சைப் போட்டுப் பார்க்கவும். ரிலே இழுத்தால் தடை டி.சி. பக்கத்தில் இருக்கிறது. இழுக்காவிட்டால் அதைத் திரும்பப் பற்றவைத்துவிட்டு முதல் காலின் பாதையை இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். ஓவர்லோடைக் கவனிக்கும் டிரான்சிஸ்டர் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே ஏறும் வோல்டேஜைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது என்பதால், அந்த ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப்போனாலும் ஓப்பன் ஆனாலும் இல்லாத ஓவர்லோடை அது அறிவித்துவிடும். கழற்றியதைத் திரும்பப் பற்றவைக்க மறப்பது, ரிலேக்குக் குறுக்கே ஒயர் போடுவதற்குச் சமம். நான் கழற்றும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு துண்டு சிவப்பு டேப்பை மூடியில் ஒட்டி வைப்பேன், டேப் மிச்சமிருக்கும்வரை மூடி ஏறாது.

ரிலே ‘டரர்ர்’ என்று அடித்துக்கொண்டால் நான்காம் காலைப் பார்க்கவும். டிரான்ஸ்பார்மரின் ஏ.சி.யை ஒரு டயோடும் ஒரு சிறிய கண்டன்சரும் நேராக்கி அந்தக் காலைத் தாழ்த்தி வைத்திருக்கும். கண்டன்சர் காய்ந்தால் 50 ஹெர்ட்ஸின் ஏற்ற இறக்கம் அப்படியே காலுக்கு வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ‘கரண்ட் போய்விட்டது’ என்று ஐசி எண்ணிக்கொள்ளும். டயோடு ஓப்பன் ஆகிவிட்டால் இழுக்கவே இழுக்காது. ஐசியையே மாற்ற நேர்ந்தால், சந்தையில் சி1237 என்ற பெயரில் நகல்களும் கிடைக்கின்றன என்பதை அறிந்து, போட்ட பிறகு எல்லாச் சோதனைகளையும் செய்து பார்க்க வேண்டும். மைக்ரோபிராசசர் ரிலேயை ஆளும் பிற்கால ரிசீவர்களில் முகப்புத் திரையே எழுத்தில் காட்டிக்கொடுக்கும். அளக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

இழுக்கிறது, ஆனால் ஒலி சரியில்லை

ஆடி மாதச் சாரலில் செங்கோட்டை கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று வீட்டுச் சுவரையே வியர்க்க வைக்கும். மூடியில்லாத ரிலேயின் வெள்ளிக் கான்டாக்ட்டுகள் அதில் கறுத்துப்போவதில் வியப்பில்லை. அடையாளம் எளிது: குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் வராது அல்லது கரகரக்கும், ஒருமுறை வால்யூமை ஏற்றி இறக்கினால் தெளிந்துவிடும். கறுத்த படலத்தை உடைக்கச் சிறிது வோல்டேஜ் வேண்டியிருப்பதே காரணம். இதே காரணத்தால் மீட்டரின் ஓம் அளவை இங்கே நம்ப முடியாது. 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் வைக்கும் ரெசிஸ்டரில்) 8 வோல்ட் ஏ.சி. வரும்படி ஒரு டோனை ஓட்டி, ஒரு ஆம்பியர் பாயும்போது கான்டாக்ட்டின் இரு பக்கத்துக்கும் குறுக்கே ஏ.சி. மில்லிவோல்ட் அளவில் பார்க்கவும். நல்ல கான்டாக்ட்டில் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. அரை வோல்ட் காட்டினால் அது கான்டாக்ட் அல்ல, ரெசிஸ்டர்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது; வெள்ளிப் பூச்சு போய்விடும், அடுத்த சாரலுக்கு இன்னும் விரைவில் கறுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டியான விசிட்டிங் கார்டுத் துண்டைக் கான்டாக்ட்டுகளுக்கு இடையில் வைத்து, லேசாக அழுத்தி உருவினால் தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை மீண்டும் செய்யலாம். குழி விழுந்தவற்றுக்கு இது பயனில்லை, புதிய ரிலேதான். உதிரி ரிலேக்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி டப்பாவில் வைக்க வேண்டாம், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

புதியது வாங்கும்போது காயில் வோல்டேஜ் மட்டும் ஒத்தால் போதாது, காயிலின் ஓமும் பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லையெனில் முன்னால் சொன்ன இறக்க ரெசிஸ்டரின் கணக்கு தவறிவிடும். கான்டாக்ட்டில் ‘10 ஆம்பியர் 250 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பது ஏ.சி.க்கு. டி.சி.க்கு அதே ரிலேயில் 30 வோல்ட் என்றுதான் போட்டிருப்பார்கள். ஏ.சி. ஒவ்வொரு சுற்றிலும் சுழியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். 50, 60 வோல்ட் டி.சி.யில் அது அணையாமல் நீண்டு கான்டாக்ட்டுகளை உருக்கி ஒட்டவைத்துவிடும், அப்போது ரிலே விழுந்தும் பயனில்லை. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபையரை நார்மலி ஓப்பன் காலிலும் (ரிலே இழுத்தால் சேர்வது), ஸ்பீக்கரை நடுவில் அசையும் பொதுக் காலிலும், நார்மலி குளோஸ்டு காலை (ரிலே விழுந்தால் சேர்வது) கிரவுண்டிலும் இணைத்தால், ரிலே விழும்போது தீப்பொறி நீண்டாலும் கிரவுண்டுக்குப் பாய்ந்து சப்ளை பியூஸை எரிக்கும், ஸ்பீக்கர் தப்பும். ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் மியூட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையர் கிரவுண்டுக்கு ஷார்ட் ஆகும். அதனால் இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் ட்ராக்கை இரண்டு முறை பின்தொடர்ந்து பார்த்துவிட்டே பற்றவைக்க வேண்டும். காயிலுக்குக் குறுக்கே நிற்கும் டயோடையும் அப்போதே மீட்டரில் பார்த்துவிடலாம். அது ஓப்பன் ஆகியிருந்தால் ரிலே விழும் ஒவ்வொரு முறையும் எழும் உயர் வோல்டேஜ், டிரைவர் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

மூடி போடும் முன்

‘டக்’ வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிச் செட்டைக் கொடுத்துவிடக் கூடாது. அது துண்டிக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஒரு சானலின் டி.சி. கவனிப்பு ரெசிஸ்டரில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துக் காலை மட்டும் கழற்றி, அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால் ஒரு விநாடிக்குள் ரிலே விழ வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தும் விழ வேண்டும். ஒரு திசையில் மட்டும் விழுந்தால் இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று செத்திருக்கிறது, ஸ்பீக்கருக்குப் பாதிப் பாதுகாப்புதான். அடுத்த சானலிலும் இதையே செய்ய வேண்டும்.

பிறகு கழற்றிய கால்களைப் பற்றவைத்து, வீணாய்ப் போனாலும் கவலையில்லாத ஒரு பழைய ஸ்பீக்கரை இணைத்து, மெல்லிய வால்யூமில் பாட்டை ஓடவிட்டுச் சுவிட்சை அணைக்கவும். பாட்டு உடனே வெட்டுப்பட வேண்டும். ஒன்றிரண்டு விநாடி இழுத்து, கரகரத்து, ‘தொப்’ என்று முடிந்தால் மெயின்ஸைக் கவனிக்கும் பகுதி இன்னும் தூங்குகிறது. ஐசி உள்ள செட்டில் நான்காம் காலின் டயோடையும் சிறிய கண்டன்சரையும் மீண்டும் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டால் ஐந்து விநாடி கழித்துச் சுவிட்சைத் திரும்பப் போட்டு, ‘டக்’ வரும் வரை கடிகாரத்தைப் பார்த்து எண்ணவும். எண்ணிக்கை முன்பு வந்த மூன்று நான்குக்குள் இருந்தால், மூடியில் டேப் எதுவும் மிச்சமில்லை என்றால், திருகாணிகளைப் போடலாம்.